உப்புத் தண்ணீர் ஊரில் எந்த ஹீட்டர்?

சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் கை பொறுக்காது. மொட்டை மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, கீழே வெயிலில் காயும் பிவிசி குழாய். காசு செலவில்லாமல் கொதிக்கிற தண்ணீர், அதுவும் யாருக்கும் தேவைப்படாத நேரத்தில். அதே குழாயை மார்கழி விடியற்காலை ஐந்து மணிக்குத் திறந்தால் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

“வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்ல கீசர் எதுக்குடா?” என்று கேட்ட அதே அம்மாதான், தங்கச்சி பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும், “பச்சப்புள்ளைக்கும் பெத்தவளுக்கும் சுடுதண்ணிக்கு என்ன வழி?” என்று ஆரம்பித்தார். பழைய கீசர் இரண்டரை வருடத்தில் அடியில் ஓட்டை விழுந்து செத்துப்போயிருந்தது. புதிதாக எது வாங்குவது என்று இரண்டு மாதம் அலைந்தேன். ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் எங்கள் வீடு. கடல் கூப்பிடு தூரம்.

அலைந்ததில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். இந்தக் கடற்கரையில் தண்ணீரைச் சூடாக்குவது பெரிய வேலையே இல்லை. சூட்டைப் பிடித்து நிறுத்தும் சின்னச் சின்னச் சாமான்கள் நம் தண்ணீரிலும் உப்புக்காற்றிலும் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. கடையில் லிட்டர் கணக்கும் ஸ்டார் கணக்கும் சொல்வார்கள். இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

முதலில் நமக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்த்துவிடலாம். ஊட்டிக்காரர் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். நம் தொட்டித் தண்ணீர் குளிர்காலத்திலும் ஏறத்தாழ 25, 27 டிகிரி இருக்கிறது. குளிக்க இதமான சூடு 40 டிகிரி. 15 லிட்டர் வாளி ஒன்றை 27-லிருந்து 40-க்குக் கொண்டுபோக கால் யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிற மாநிலத்தில், நாளுக்கு நாலு வாளி வெந்நீர் வைத்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. அதனால் “இது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் சார்” என்று யாராவது ஆரம்பித்தால் நான் காது கொடுப்பதில்லை. இங்கே பணம் போவது மின்சாரக் கட்டணத்தில் இல்லை, தொட்டி ஓட்டையாவதில்.

செத்த கீசரைப் பிரித்துப் பார்த்தது

புதிது வாங்குவதற்கு முன் பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் விடக்கூடாது என்று எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு உட்கார்ந்து பிரித்தோம். 15 லிட்டர் கீசர். அடி மூடியைக் கழற்றியதும் ஒரு கைப்பிடி வெள்ளைச் சில்லுகள் கொட்டின. கோலமாவு கட்டிதட்டிப் போனது போல, நசுக்கினால் மணலாக உதிர்ந்தது. சுண்ணாம்பு. தண்ணீரைச் சூடாக்குகிற கம்பியான எலிமென்ட் அடையாளமே தெரியவில்லை, முழுக்கச் சிப்பி ஒட்டிய படகு அடிப்பலகை மாதிரி இருந்தது.

“அண்ணே, கடைசி ஆறு மாசம் கீசர் உள்ள கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்டிருக்கணுமே?” என்றார் தம்பி.

கேட்டது. பல்லி என்று நினைத்தோம்.

எலிமென்டின் மேல் படியும் சுண்ணாம்புக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து வெடிக்கிற சத்தம் அது. நம் பக்கத்து மணலில் சிப்பியும் பவளச் சுண்ணாம்பும் கலந்திருக்கின்றன. அதில் ஊறி வருகிற தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். சூடு ஏறினால் அது கரைந்திருக்காமல் படிய ஆரம்பிக்கும், 60 டிகிரிக்கு மேல் போனால் இன்னும் வேகமாக.

எலிமென்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய குழாய் இருந்தது. அதற்குள்தான் சூட்டை ஓர் அளவில் பிடித்து நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டின் உணர்வுக் குமிழ் செருகப்பட்டிருக்கும். நாம் திருப்புகிற குமிழுக்குப் பின்னால் இருக்கிற சாமான் இதுதான். உணர்வுக் குமிழுக்குள் ஒரு திரவம், அதிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு செம்புக் குழாய், அதன் மறுமுனையில் ஒரு மெல்லிய தகடு. தண்ணீர் சூடானால் திரவம் விரிந்து தகட்டைத் தள்ளும். தகடு மின்தொடர்பைப் பிரிக்கும். ‘டிக்’. விளக்கு அணையும். சூடு சில டிகிரி இறங்கியதும் மறுபடி ‘டிக்’. மின்னணு எதுவும் இல்லை, மென்பொருள் இல்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போன சாமான்.

ஆனால் அந்தக் குழாயின் மேலும் சுண்ணாம்பு மூடிவிட்டால்? தண்ணீர் எப்போதோ 70-ஐத் தாண்டியிருக்கும், உணர்வுக் குமிழுக்குச் செய்தி தாமதமாகத்தான் போகும். இந்த நிலையில் காப்பாற்ற இரண்டாவது ஆள் ஒருவர் உண்டு. தெர்மல் கட்-அவுட். இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த சின்ன வட்டத் தகடு. சூடு எல்லை மீறினால் ஒரு பக்கம் குழிந்திருந்த தகடு மறுபக்கம் சட்டென்று புரண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தெர்மோஸ்டாட் தினமும் வேலை செய்கிற ஆள். கட்-அவுட் வருடக்கணக்கில் சும்மா இருந்து ஒரே ஒரு நாள் வேலை செய்கிற ஆள். பெரும்பாலான கீசரில் அது விழுந்தால் தானாகத் திரும்பி வராது, மூடியைத் திறந்து சின்ன பொத்தானை அழுத்த வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு அழுத்து என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கீசரில் கட்-அவுட் இருந்தது. அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இரண்டு அங்குல ஒயர் ஒன்று முறுக்கிக் கட்டியிருந்தது, கட்-அவுட் விழுந்தாலும் மின்சாரம் நிற்காதபடி.

தம்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு வருடத்துக்கு முன் வந்து போன மெக்கானிக்கை நினைத்தேன். “அடிக்கடி கட் ஆகுதுன்னீங்கள்ல, டைரக்டா குடுத்துட்டேன், இனி தொந்தரவே இருக்காது” என்று இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர். தொந்தரவே இல்லைதான். ஒரு வருடம் அம்மா குளித்தது காவலில்லாத கொதிகலனுக்குக் கீழே. உங்கள் வீட்டில் யாராவது ‘டைரக்ட்’ கொடுத்திருந்தால் இன்றைக்கே பிரித்துப் பாருங்கள். வேறெதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்து வால்வு. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் பித்தளையில் ஒரு சாமான், பக்கவாட்டில் ஒரு மூக்கு. மல்டி ஃபங்ஷன் வால்வு என்பார்கள், கடையில் சேஃப்டி வால்வு என்று கேட்டாலே தருவார்கள். சூடான தண்ணீர் வந்த வழியே கீழே திரும்பிப் போகாமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் மூக்கு வழியாக வெளியே விடுவது இன்னொரு வேலை. 15 லிட்டர் தண்ணீர் 27-லிருந்து 60-க்குப் போனால் ஏறக்குறைய 200 மில்லி விரியும், ஒரு டம்ளர் அளவு. திரும்பிப் போக வழி அடைத்திருப்பதால் அது சொட்டுச் சொட்டாக மூக்கில்தான் வர வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? ‘வால்வு ஒழுகுது’ என்று மூக்கில் எம்சீல் வைத்து அடைத்தோம். இதை மெக்கானிக் தலையில் போட முடியாது, நானே செய்தது.

கட்-அவுட் இல்லை, வால்வு அடைப்பு, தெர்மோஸ்டாட் குமிழ் சுண்ணாம்புக்குள். வெடிக்காமல் தொட்டி ஓட்டையானதோடு போனது எங்கள் நல்ல நேரம் என்றே இப்போது படுகிறது.

சரி, தொட்டி ஏன் ஓட்டையானது? கடைசியாக ஒரு கம்பியை வெளியே எடுத்தார் தம்பி. ஆனோடு என்கிற மெக்னீசியம் கம்பி. புதிதில் சுண்டுவிரல் தடிமன் இருந்திருக்கும். எங்கள் கையில் வந்தது மீன்முள் மாதிரி நடுக் கம்பி மட்டும், ஆங்காங்கே சாம்பல் நிறப் பொருக்கு. இதைப் படகுக்காரர்களிடம் சொன்னால் ஒரே வார்த்தையில் புரியும். விசைப்படகின் விசிறிக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள், இரும்பை விட்டுவிட்டு உப்புத் தண்ணீர் அதைத் தின்னட்டும் என்று. அதே கதைதான். மெக்னீசியம் கரைகிற வரை இரும்புத் தொட்டி பிழைக்கும். கண்ணாடிப் பூச்சு பூசிய தொட்டியிலும் பொடிப்பொடியாக விரிசல் இருக்கும், அந்த இடங்களை ஆனோடுதான் காக்கிறது. தண்ணீரில் உப்பு கூடினால் மின்சாரம் கடத்தும் திறன் கூடும், கம்பி வேகமாகக் கரையும். நல்ல தண்ணீர் ஊரில் நாலைந்து வருடம் வருகிற கம்பி இங்கே ஒன்றரை வருடம் வந்தால் அதிகம். மாற்றுகிற செலவு தொட்டி விலையில் ஒரு சின்னப் பங்குதான். மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவாத அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது, அதை வாசிக்க நான் தொட்டி ஒழுகும் வரை காத்திருந்தேன்.

இந்த ஊர்க் காற்றைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். காரைக்குடியிலிருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் துருப்பிடிப்பதை ஆராய மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்தது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிப் பூச்சையும் போட்டதும் இதற்காகத்தான். பாலத்துக்கே அந்தக் கதி என்றால் பாத்ரூம் சுவரில் தொங்குகிற கீசர் எம்மாத்திரம்?

இப்போது ஒவ்வொன்றாக

ராடு. வாளிக்குள் போடுகிற இம்மர்ஷன் ஹீட்டர். சில நூறு ரூபாய். 1,500 வாட் ராடு ஒரு வாளியை ஒன்பது நிமிடத்தில் 40-க்குக் கொண்டுவந்துவிடும். சுண்ணாம்பு படிந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துவிடலாம், ஓட்டையாக ஒரு தொட்டியும் இல்லை. எங்கள் தண்ணீருக்கு இதுதான் பொருத்தம் என்று அத்தை வீட்டில் வாதாடுகிறார்கள். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் தெர்மோஸ்டாட் யார்? நாம். கட்-அவுட் யார்? நாம். அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிற வீட்டில் இது சரிப்பட்டு வராது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது இன்னொரு பயம். ராடின் உறையில் கீறல் விழுந்தால் வாளித் தண்ணீர் முழுவதும் மின்சாரம்தான். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை என்பது சட்டமாக இருக்கிற, குழந்தைகள் குறுக்கே ஓடாத வீட்டுக்கு மட்டும். எங்கள் வீட்டில் தங்கச்சியின் மூத்தவனுக்கு மூன்று வயது. ராடு கிடையாது.

இன்ஸ்டன்ட் கீசர். மூன்று லிட்டர் தொட்டி, 3,000 வாட். சுவிட்ச் போட்டதும் வெந்நீர் என்பதால் ஊரில் பாதி வீடுகளில் இதுதான். தண்ணீர் உள்ளே நிற்கிற நேரம் குறைவு என்பது நமக்குச் சாதகம். ஆனால் பெரும்பாலும் இதில் திருப்புகிற குமிழே கிடையாது, தெர்மோஸ்டாட் ஒரே அளவில் வைத்து மூடியிருக்கும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் உங்களிடம் இருப்பது குழாயின் திருகு மட்டும். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் விட்டால் தண்ணீர் 14 டிகிரி ஏறி வரும், 27 என்பது 41 ஆகும், அருமை. அவசரத்தில் முழுதாகத் திறந்துவிட்டால் இளஞ்சூடுதான்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு கண்டம் உண்டு, வோல்டேஜ். எலிமென்டின் திறன் வோல்டேஜின் இருமடியில் இறங்கும். 230-க்குப் பதில் 190 வந்தால் 3,000 வாட் 2,050 ஆகிவிடும். 14 டிகிரி ஏற வேண்டியது பத்துக்குக் குறைவாகத்தான் ஏறும். தொட்டிக் கீசரில் இதே குறை வந்தால் நாலு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தால் போதும், தெர்மோஸ்டாட் தான் பிடிக்க வேண்டிய சூட்டைப் பிடித்தேதான் நிற்கும். இன்ஸ்டன்டில் காத்திருக்க இடமில்லை. உங்கள் தெருவில் சாயங்காலம் டியூப்லைட் மினுக்குகிறது என்றால் இதை யோசித்து வாங்குங்கள். 13 ஆம்பியர் இழுக்கிற சாமான் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் தடிமனான ஒயரும் தனியாக வேண்டும். மிக்ஸிக்குப் போட்ட ஒயரில் மாட்டினால் பிளக் உருகுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சமையலறை சிங்க்குக்கும், ஒருவர் இருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

சோலார். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இருக்கிறார், வளைகுடாவில் இருபது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் யோசனை கேட்கப் போனேன். “நாம நிக்கிறது ஒம்பது டிகிரி அட்சரேகை தம்பி, கமுதியில 648 மெகாவாட்டுக்கு சோலார் போட்டிருக்கான், நீ ஒரு வாளித் தண்ணிக்கு யோசிக்கிறியே” என்று ஆரம்பித்தார். பேச்சு போகப் போக அவரே எதிர்ப்பக்கம் வந்துவிட்டார்.

சோலாரில் சூட்டைக் கட்டுப்படுத்துவது யாரும் இல்லை என்பதுதான் சங்கதி. கண்ணாடிக் குழாயில் சூடான தண்ணீர் லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். மோட்டார் இல்லை, தெர்மோஸ்டாட் இல்லை. சித்திரையில் இரண்டு நாள் யாரும் குளிக்காமல் ஊருக்குப் போய்வந்தால் தண்ணீர் கொதிக்கிற அளவுக்குப் போய்விடும், காற்றுக்குழாய் வழியாக ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காற்றுக்குழாய்தான் சோலாரின் சேஃப்டி வால்வு, அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. குழாயில் வருகிற தண்ணீர் இன்றைக்கு 50-ஆ 75-ஆ என்று சூரியனுக்குத்தான் தெரியும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும், குழந்தைத் தோல் என்றால் அதற்கும் முன்பே. அதனால் சோலார் வைத்தால் சூட்டைத் தானே கலந்து விடுகிற மிக்ஸிங் வால்வு ஒன்றும் சேர்த்து வைக்க வேண்டும். இந்த வால்வின் உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி இருக்கிறது. சூட்டில் மெழுகு விரிந்து வெந்நீர் வழியைச் சுருக்கும். நல்ல சாமான்தான், ஆனால் சுண்ணாம்பு ஏறினால் முதலில் இறுகிப்போவது அதுதான்.

அப்புறம் நம் மழை. வெந்நீர் வேண்டியது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக் கிடப்பதும் அதே மாதங்களில். வெயில் கொளுத்தும் மாதத்தில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? ஆகவே சோலார் தொட்டிக்குள்ளும் ஒரு மின் எலிமென்ட், அதற்கு ஒரு தெர்மோஸ்டாட், ஒரு கட்-அவுட் என்று பழைய கதை மறுபடி வந்துவிடும், அதுவும் மொட்டை மாடியில், உப்புக்காற்றின் வாய்க்கு நேராக. சின்டெக்ஸ் தொட்டி சோலார் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு ஒரு ஸ்டாண்ட், அந்த ஸ்டாண்ட் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. தென்னைமட்டை விழுந்தால் கண்ணாடிக் குழாய் போச்சு. எங்கள் வீட்டைச் சுற்றி ஏழு தென்னை.

காக்கா கடைசியில் சொன்னது: “பத்துப் பேர் இருக்கிற வீடு, இல்ல லாட்ஜு, நல்ல தண்ணி வருதுன்னா போடு. உப்புத் தண்ணிதான்னா தண்ணியை நேரா குழாய்க்குள்ள விடாத, உள்ளுக்குள்ள சூட்டை மட்டும் கடத்துற தனிச் சுற்று இருக்கிற மாதிரி வாங்கு. விலை கூடும். உனக்கு எதுக்கு?”

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு அவர் ஹீட் பம்பையும் சொன்னார். ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி, காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் போடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். நம் காற்று எப்போதும் வெப்பமாக இருப்பதால் நன்றாகவே ஓடும். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்து வெந்நீர் கேட்கிற கூட்டத்துக்குக் கட்டுப்படியாகும். வெளியே இருக்கிற அலுமினியத் துடுப்புகளை உப்புக்காற்று தின்னாமல் பூச்சு பூசியதாக வாங்க வேண்டும். வீட்டுக்கு வேண்டாம்.

கேஸ் கீசர் பற்றி இரண்டு வார்த்தை போதும். தண்ணீர் ஓடுகிற அழுத்தத்தில் ஒரு ரப்பர் சவ்வு அசைந்து கேஸைத் திறக்கும், பேட்டரி பொறி வைக்கும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற நம் அழுத்தம் பத்தடி உயரத்துக்கு 0.3 பார்தான். சில நாள் அந்தச் சவ்வு அசையவே அசையாது. ஜன்னல் சாத்திய பாத்ரூமுக்குள் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். பிரசவித்தவளுக்குக் காற்று படக் கூடாது என்று ஜன்னலை அடைக்கிற வீட்டில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

மிச்சமிருந்தது தொட்டிக் கீசர்

மறுபடி அதுவேதான். ஆனால் இந்த முறை கேள்விகளை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

முதலில் அளவு. 60 டிகிரியில் இருக்கிற 6 லிட்டர் தண்ணீரை நம் 27 டிகிரித் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 15 லிட்டர் கிடைக்கும், சரியாக ஒரு வாளி. 10 லிட்டர் கீசர் 25 லிட்டர் தரும், 15 லிட்டர் கீசர் 38. பழையதை 15 லிட்டர் வாங்கியது கடைக்காரர் பேச்சைக் கேட்டு. 10 லிட்டரே போதும், 2,000 வாட்டில் பதினொன்றரை நிமிடத்தில் மறுபடி சூடாகிவிடும். பெரிய தொட்டி வாங்கினால் உப்புத் தண்ணீரை வீட்டில் சேமித்து வைத்த பெருமைதான் மிச்சம்.

அடுத்து தொட்டி. “ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சார், துருவே பிடிக்காது” என்றார் விற்பனையாளர். 304 ரகமா, உப்பைக் கூடுதலாகத் தாங்குகிற 316 ரகமா என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து 304 என்றார். 304-ஐக் குளோரைடு உப்பு பொட்டுப் பொட்டாகத் துளைக்கும், முக்கியமாக வெல்டிங் வைத்த இடத்தில். சமையல் பாத்திரத்தை தினமும் கழுவிக் காய வைக்கிறோம், அதனால் தப்பிக்கிறது. கீசர் தொட்டி வருடம் முழுக்கச் சூடான உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, கூடவே வெளியிலிருந்து கழற்றக்கூடிய ஆனோடு, இதுதான் என் தேர்வு. பிளாஸ்டிக் உள்தொட்டி வைத்தவையும் இருக்கின்றன, துளை விழாது. ஆனால் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் சேர்ந்து கோட்டை விட்டால் முதலில் உருகுவது அதுதானே என்ற எண்ணம் என்னை விடவில்லை. இது என் பயம், உங்களுக்கு வேண்டியதில்லை.

எலிமென்ட் செம்பு உறையா, இன்கலாயா? இன்கலாய் என்பது நிக்கலும் குரோமியமும் கூடிய உலோகம், உப்பைத் தாங்கும். விலை கொஞ்சம் கூடுதல், யோசிக்காமல் வாங்கலாம்.

அப்புறம்தான் பெரிய சபலம் வந்தது. வைஃபை கீசர். படுக்கையில் இருந்தபடியே போனில் 43 டிகிரி என்று அழுத்தினால் 43-லேயே நிற்குமாம், அழகாக எண் ஒளிர்கிறது. அந்த எண்ணைக் காட்டுவது ஒரு சர்க்யூட் போர்டு. நம் காற்றில் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதை ஃபேன் ரெகுலேட்டரிலேயே பார்க்கிறோம். வோல்டேஜ் ஏறி இறங்குவது வேறு. குமிழ் வைத்த தெர்மோஸ்டாட் போனால் ராமநாதபுரம் பஜாரில் அன்றைக்கே வாங்கி மாட்டலாம் என்றார் தம்பி. “போர்டு போச்சுன்னா மதுரைக்கு எழுதிப் போட்டு வரவைக்கணும்ணே, அதுவரைக்கும் வெறகடுப்புதான்.” அங்கேயே முடிந்தது வைஃபை ஆசை.

கடைசியாக, ஐஎஸ்ஐ முத்திரையும் தொட்டிக் கீசருக்கான தரநிலையான ஐஎஸ் 2082 என்ற எண்ணும் உடம்பில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன்.

மாட்டும்போது செய்தது இதுதான். முதலில் கீசருக்கு மட்டும் தனியாக 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போட்டோம், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற சுவிட்ச் அது. தெர்மோஸ்டாட் தண்ணீரைக் காவல் காக்கிறது, ஆர்சிசிபி ஆளைக் காவல் காக்கிறது. உப்புத் தண்ணீரில் எலிமென்ட் உறை விரிசல் விட்டால் முதலில் தெரிவது இங்கேதான். மாதம் ஒரு முறை அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும், அமாவாசை அன்றைக்கு அழுத்துவது என்று வைத்துக்கொண்டேன், மறக்காமல் இருக்க. எர்த் கம்பியையும் தோண்டிப் பார்த்தோம். மண்ணுக்குள் இரண்டடியில் துரு தின்று பென்சில் போல ஆகியிருந்தது, புதிது அடித்தோம்.

குமிழை 60-க்குக் கீழே, 55-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும். ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று 40-லேயே நிரந்தரமாக வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீர் லெஜியோனெல்லா என்கிற நிமோனியாக் கிருமிக்குப் பிடித்தமான இடம். வாரம் ஒரு நாள் 60-க்கு மேல் ஏற்றி இறக்குகிறேன். குளித்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிடுகிறோம்.

தண்ணீர்தான் தீராத பாக்கி. எங்கள் போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் காட்டுகிறது. குடிநீருக்கு வேறு வழியே இல்லாதபோது அனுமதிக்கிற உச்ச வரம்பே 2,000. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் குடத்தில் பிடிக்கிறதைக் குளிக்க விட அம்மா சம்மதிக்க மாட்டார், நியாயமும் இல்லை. அதனால் வருடம் ஒரு முறை கீசரைத் திறந்து சுண்ணாம்பைச் சுரண்டுவது என்று தம்பியிடம் பேசி வைத்திருக்கிறேன். ஆனோடையும் அன்றைக்கே பார்ப்பது, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுவது. கடையில் வாங்கும்போதே ஒரு ஆனோடு கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், தங்கச்சி அதைப் பார்த்து “இது என்ன அண்ணே, சாமிக்கு வாங்குன ஊதுபத்தியா?” என்று கேட்டாள்.

வால்வின் மூக்கில் இந்த முறை ஒரு மெல்லிய குழாய் சொருகிக் கீழே இறக்கியிருக்கிறோம். காலையில் கீசர் போட்டால் அதில் சொட்டு விழுகிறது. அம்மா அதற்கடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து, நிறைந்ததும் தரை கழுவ எடுத்துக்கொள்கிறார். கீசரின் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘தை மாசம், கம்பி பார்க்க.’